தர்மத்தின் பலனைத் தேடிச் சென்றவர்

ஸ்காட்லாந்தின் டன்பர்ம்லின் நகரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1835-இல் பிறந்து, வறுமை துரத்தப் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடியேறி, பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் ஆலை வேலைக்குப் போன ஆண்ட்ரூ கார்னகிக்கு, அலிகெனியில் கர்னல் ஆண்டர்சன் என்னும் கனவான் சனிக்கிழமைதோறும் தம் சொந்தப் புஸ்தகங்களைத் தொழிலாளிச் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்துவந்தது ஆயுள் முழுவதும் மறவாத உபகாரமாக இருந்தது. அந்த நன்றியுணர்ச்சியே, அவர் எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான பிற்காலத்தில், அமெரிக்காவில் மட்டும் 1,412 ஊர்களில் 1,679 பொது நூல்நிலையக் கட்டடங்களாகவும், நான்கு கோடி டாலருக்கு மேற்பட்ட தானமாகவும் உருவெடுத்தது. 1892-இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலை வேலைநிறுத்தத்தில் சிந்திய ரத்தத்தை மறவாத தொழிலாளர்கள் இந்தத் தானத்தைக் கசப்போடு பார்த்ததும் உண்டு. அது தனியே எழுதவேண்டிய சரித்திரம். இங்கே சொல்லப் புகுந்தது, கொடுத்தவர்கள் தங்கள் கொடையினால் விளைந்தது என்ன என்று விசாரிக்கத் தொடங்கிய விருத்தாந்தத்தை.

கார்னகியின் நிபந்தனைகள் மிகவும் எளியவை. நூல்நிலையம் விரும்பும் ஊர், மனையைத் தானே தரவேண்டும். கட்டடத்துக்காகப் பெறும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நிர்வாகச் செலவுக்கு ஒதுக்குவதாக வாக்களிக்கவேண்டும். புஸ்தகங்களுக்காக அவர் ஒன்றும் கொடுப்பதில்லை. விண்ணப்பங்களையெல்லாம் காரியதரிசி ஜேம்ஸ் பெர்ட்ரம் பெரும்பாலும் கடிதங்களின் மூலமாகவே பரிசீலித்து, ஜனத்தொகையைக் கேட்டுத் தொகையை நிர்ணயித்தார். பிறகு கார்னகியும் அவரும் கவனித்ததெல்லாம் ஊரார் வாக்குத் தவறினார்களா என்பதைத்தான். பணம் ஒதுக்கப்பட்டதா என்று கேட்டார்கள். அந்தப் பணத்தால் யார் எதைப் படித்தார்கள் என்று கேட்கவில்லை. அலட்சியத்தால் கேட்காமல் விட்டதாக நினைப்பது நியாயமாகாது. கொடுத்தபின் தலையிடுவது ஊராரின் சுதந்திரத்துக்குப் பங்கம் என்று கார்னகி மனப்பூர்வமாக நம்பினார்.

இப்படியே வருஷங்கள் கழிந்தன. கார்னகியின் தானங்களை நடத்த 1911-இல் நிறுவப்பட்ட கார்னகி கார்ப்பரேஷனின் தர்மகர்த்தாக்கள், கட்டிய நூல்நிலையங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரில் கண்டுவரும்படி, ஆல்வின் ஜான்சன் என்னும் பொருளாதாரப் பேராசிரியரைக் கேட்டுக்கொண்டார்கள். ஆண்டறிக்கைகளைத் தருவித்துக் கூட்டிக் கழித்திருந்தால் அவருடைய வேலை சுலபமாக முடிந்திருக்கும். எத்தனை பேர் உறுப்பினர், எத்தனை புஸ்தகங்கள் வெளியே போயின என்னும் கணக்கு எங்கும் இருந்தது. அவரோ ஊர் ஊராகப் பிரயாணம் செய்து, ஏறக்குறைய நூறு நூல்நிலையங்களுக்குள் தாமே நுழைந்து பார்த்து, 1916-இல் தம் அறிக்கையைச் சமர்ப்பித்தார்.

அவர் கண்டது மகிழ்ச்சி தருவதாக இல்லை. பல இடங்களில் கட்டடம் அழகாக நின்றது. உள்ளே அலமாரிகள் ஊரின் தேவைக்குப் பொருந்தாதவையாக இருந்தன. பத்தில் ஒரு பங்கு என்னும் நிபந்தனை காகிதத்தில் போதுமானதாகத் தோன்றினாலும், பதினாயிரம் டாலர் கட்டடத்துக்கு வருஷத்துக்குக் கிடைக்கும் ஆயிரம் டாலரில், குளிர்காலத்துக்கு வேண்டிய நிலக்கரி, விளக்கு, துப்புரவு, பழுதுபார்த்தல் ஆகியவற்றையும் நூலகரின் சொற்பச் சம்பளத்தையும் கழித்துவிட்டால், எந்தக் காரியத்துக்காகக் கட்டடம் எழுந்ததோ அந்தப் புஸ்தகத்துக்கு மிஞ்சுவது அற்பமே. இதைவிடப் பெரிய குறை ஒன்றை ஜான்சன் சுட்டிக்காட்டினார். நூலகர் பதவிக்குப் பயிற்சியுள்ளவர்களைத் தேடாமல், உள்ளூரில் ஆதரவு வேண்டியிருந்த யாரையாவது அமர்த்திவிடுவது சிற்றூர்களில் வழக்கமாகியிருந்தது. வாசலில் வந்து நிற்கும் உழவனுக்கோ தச்சனுக்கோ இன்ன நூல் உதவும் என்று எடுத்துக்கொடுக்க அறிந்த ஒருவர் இல்லாத நூல்நிலையம், எவ்வளவு பெரிய மண்டபமானாலும் மண்டபமே என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே ஜான்சன், இனிப் பணத்தை நூலகர்களின் பயிற்சிக்குத் திருப்பவேண்டும் என்றும், நூல்நிலையங்களைச் சென்று பார்த்து யோசனை கூறும் பிரதிநிதிகளை அனுப்பவேண்டும் என்றும் சிபாரிசு செய்தார்.

பெர்ட்ரம் இதைப் பலமாக எதிர்த்தார். பார்வையிட ஆள் அனுப்புவது கார்னகியின் உத்தேசத்துக்கே விரோதம் என்பது அவர் வாதம். எஜமானின் மனத்தை அணுவளவும் மீறக்கூடாது என்ற அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், கொடுத்ததோடு கடமை முடிந்தது என்னும் கொள்கை, பெறுகிறவனுடைய சுதந்திரத்தைக் காப்பதுபோலத் தோன்றி, புஸ்தகத்துக்காக வந்தவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதையும் மறக்கமுடியவில்லை.

இதே சமயத்தில் பிரிட்டனிலும் அத்தகைய ஒரு விசாரணை நடந்தது. அங்கே கார்னகி தர்ம ஸ்தாபனத்துக்காக ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஆடம்ஸ் 1915-இல் எழுதிய அறிக்கை, பவுனுக்கு ஒரு பென்னி என்னும் வரி வரம்புக்குள் பெரிய கட்டடங்களைத் தாங்கமுடியாமல் ஊர்கள் தத்தளிப்பதையும், கிராமவாசிகளுக்கு நூல்நிலையமே எட்டாதிருப்பதையும் வெளிப்படுத்தியது. 1919-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமே அந்த வரம்பை நீக்கிற்று.

அமெரிக்காவில் யுத்த காலமாகிய 1917 நவம்பரில் புதிய கட்டடங்களுக்கான மானியம் நிறுத்தப்பட்டது. ஜான்சனின் யோசனைகள் அப்படியே ஏற்கப்படவில்லை எனினும் வீணாகவும் போகவில்லை. நூலகர் பயிற்சியைப் பற்றிக் கார்ப்பரேஷனுக்காக வில்லியம்ஸன் என்பவர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1923-இல் வெளிவந்தது. 1926-இல் கார்ப்பரேஷனின் பத்து லட்சம் டாலர் மானியத்தினால் சிகாகோ சர்வகலாசாலையில் நூலகவியல் உயர்கல்விக் கூடம் அமைந்தது. அங்கே டக்ளஸ் வேப்பிள்ஸும் அவருடைய சகாக்களும், எத்தனை புஸ்தகம் போயிற்று என்பதைத் தாண்டி, படிப்பு மனிதனை என்ன செய்கிறது என்னும் கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அதே கார்னகி கார்ப்பரேஷன் அளித்த பணத்தில் பொது நூல்நிலையங்களைப் பற்றி விரிவான விசாரணை ஒன்று நடந்தது. அதன் பகுதியாக பெர்னார்டு பெரல்சன் 1949-இல் வெளியிட்ட நூல், வயது வந்தவர்களில் மாதம் ஒருமுறையேனும் பொது நூல்நிலையத்துக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவரே என்று அறிவித்தது. கட்டடங்களை எழுப்பிய அதே பொக்கிஷம், அவற்றுக்குள் வராதவர்கள் எத்தனை பேர் என்பதை உலகறிய அச்சிடவும் பணம் தந்தது.