அம்பாசிடரா? ஃபியட்டா? - ஒரு பழைய பந்தயக் கணக்கு

தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வந்தாலே உத்திரமேரூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தலை நிமிரும். வைகுண்ட பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 919, 921) இன்றும் இருக்கிறது. வாரியத்துக்கு ஆள் எடுக்க பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குடவோலை முறை. பத்தாம் வகுப்பு வரை படித்த எல்லோருக்கும் இது தெரியும்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. ஓலை குடத்துக்குள் போவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அதாவது, முதலில் தகுதி, பிறகுதான் அதிர்ஷ்டம்!

இந்த ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால், அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே இருக்கிறது இந்தியாவின் பெயர்பெற்ற கார் பந்தயத் தடம். அங்கேயும் காருக்குத் தகுதிச் சோதனை உண்டு. பிரேக் சரியில்லாத கார் உள்ளே போக முடியாது. ஆனால் அதற்கு முன்னால் காரின் சொந்தக்காரர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கிற, அல்லது வாங்க முடிகிற இரண்டு பழைய கார்களில் எதை ஓட்டுவது?

இந்தக் கேள்விக்கு எழுபது வருட வரலாறு இருக்கிறது.

சோழவரம்: விமானம் போன பாதையில் கார்

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இந்தியா முழுவதும் அவசர அவசரமாக விமான ஓடுதளங்கள் போடப்பட்டன. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் மிச்சம். சென்னைக்கு வடக்கே சோழவரம் அப்படி மிஞ்சிய ஒரு தளம். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் தடமும் இப்படி விமானத் தளமாக இருந்ததுதான்.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிக்கப்பட்டது. அடுத்த முப்பது வருடங்களுக்கு மேல் சோழவரம்தான் தென்னிந்தியப் பந்தயத்தின் தாய்வீடு. நீளமான நேர்பாதை, பிறகு சட்டென்று ஒரு திருப்பம், மறுபடி நேர்பாதை. விமானத்துக்குப் போட்ட பாதை அல்லவா, வளைவுகளை நினைத்து யாரும் அதைக் கட்டவில்லை.

பணம் உள்ளவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். கூட்டம் அவர்களைப் பார்க்க வந்தது. ஆனால் பந்தயத்தை நடத்திக்கொண்டு போனவர்கள் இன்னொரு கூட்டம். மெக்கானிக்குகள், சின்ன வியாபாரிகள், காலேஜ் மாணவர்கள், மில் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்கள் கையில் இருந்தது ரோட்டில் ஓடும் சாதாரணக் கார்தான்.

கடையில் இருந்ததே மூன்று சரக்கு

அன்றைய இந்தியாவில் கார் வாங்குவது என்றால் என்ன என்று இன்றைய தலைமுறைக்குப் புரிய வைப்பது கஷ்டம். லைசென்ஸ் ராஜ்யம். யார் எத்தனை கார் செய்யலாம் என்பது டெல்லியில் முடிவாகும். 1969-ல் கார் விலைக்கே அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் வரை போயின. இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது.

மிஞ்சியது மூன்று கம்பெனிகள்.

1) கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசைக் காரை வாங்கி, 1950-களின் கடைசியில் அம்பாசிடர் என்று பெயர் வைத்தது.

2) பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கியது. இத்தாலியின் ஃபியட் 1100. இதுதான் 1970-களில் பிரீமியர் பத்மினி ஆனது.

3) நம்ம ஊர்ப்பக்கம் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார். 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு பாவம். 948 சிசி எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், சின்ன இடத்தில் சட்டென்று திரும்பும். பார்க்க அழகு. இதே காரின் அடித்தளத்தில் இருந்துதான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962-ல் பிறந்தது. ஆனால் பின் அச்சில் ஒரு வில்லங்கம். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். தெரிந்தவர் கையில் வேகமான கார், தெரியாதவர் கையில் ஆபத்து. உற்பத்தியும் மற்ற இரண்டு அளவுக்கு இல்லை. எனவே பெரும்பாலானோருக்கு வாதம் இரண்டு கார்களுக்கு நடுவில்தான். அம்பாசிடரா? ஃபியட்டா?

காகிதத்தில் சமம்

கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அம்பாசிடர்: 1489 சிசி, சுமார் 50 குதிரைசக்தி, எடை சுமார் 1120 கிலோ.
ஃபியட்: 1089 சிசி, 40-க்குச் சற்று மேல் குதிரைசக்தி, எடை சுமார் 895 கிலோ.

எடையைச் சக்தியால் வகுத்தால் இரண்டிலும் ஒரு குதிரைக்கு 21, 22 கிலோ வருகிறது. பெரிய எஞ்சின் என்று அம்பாசிடர் மார்தட்டிக்கொள்ள முடியாது. அது சம்பாதித்ததை எல்லாம் அதன் உடம்பே தின்றுவிடுகிறது! கம்பெனிக் கணக்கில் விற்பனை பெரிதாக இருந்து, செலவு அதைவிடப் பெரிதாக இருப்பது போல.

வம்சாவளியிலும் இரண்டும் சளைத்தவை அல்ல. அம்பாசிடருக்குள் இருந்த பி.எம்.சி. பி-வரிசை எஞ்சினின் உடன்பிறப்புதான், 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்தது. அதே 1489 சிசி. இரண்டு கார்புரேட்டர் போட்டு அதில் 70 குதிரைசக்தி அளவுக்கு எடுத்தார்கள். ஃபியட் 1100-ம் அப்படித்தான். இத்தாலியில் அதன் வேகமான வடிவங்கள் மில்லே மில்யா என்ற புகழ்பெற்ற சாலைப் பந்தயத்தில் ஓடின.

இன்னொரு விஷயமும் உண்டு. உலகம் முழுவதும் பந்தயப் பிரிவுகள் எஞ்சின் அளவை வைத்துத்தான் பிரிக்கப்பட்டன. பழைய சர்வதேச விதியில் 1100 சிசி வரை ஒரு பிரிவு, 1500 சிசி வரை அடுத்தது. 1089-ஐயும் 1489-ஐயும் பாருங்கள். இரண்டுமே அந்தந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளே. ஆகவே அப்படிப் பிரிக்கும் பந்தயத்தில் காரைத் தேர்ந்தெடுப்பது என்பது எதிரியைத் தேர்ந்தெடுப்பதும்தான். சின்ன வகுப்பில் முதல் பெஞ்சா, பெரிய வகுப்பில் கடைசி பெஞ்சா?

தடத்தில் சமம் இல்லை

நேர்பாதையில் சமமான இரண்டும் திருப்பத்தில் பிரிந்துபோயின.

இரண்டு காருக்கும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் பிரேக்கின் குணம் என்னவென்றால், ஒரு தடவை, இரண்டு தடவை நன்றாகப் பிடிக்கும். சூடு உள்ளேயே தங்கிவிடுவதால் நாலாவது, ஐந்தாவது தடவை மிதித்தால் பெடல் இறங்கும், கார் நிற்காது. காரை நிறுத்துவது என்றால் அதன் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். எடை கூடினால் சூடும் அதே விகிதத்தில் கூடும். அம்பாசிடரின் கூடுதல் 225 கிலோ என்பது, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஆட்களைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். டயரும் அந்த எடையைத்தான் வளைவில் சுமக்க வேண்டும்.

ஆக, ஒரே ஒரு வேகமான சுற்றுக்கு அம்பாசிடர் தேறலாம். பத்துச் சுற்றுக்கு ஃபியட்தான்.

ஃபியட் உயரமும் குறைவு, உடம்பும் சின்னது. அதனால் மெக்கானிக்குகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெட்டை ஷேவ் பண்ணிக் கம்ப்ரஷனை ஏற்றுவது, கார்புரேட்டரை மாற்றுவது, சைலன்சரைத் திறந்துவிடுவது, பின்சீட்டைக் கழற்றி வீசுவது... பந்தயத்துக்குத் தயாராக்குவது என்றால் இதெல்லாம்தான். ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும் கியரை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்று சிரிப்பு வரும். இரண்டு காரிலும் அதுதான் இருந்தது.

அம்பாசிடருக்கு அதற்கான களம் வேறு. மேடு பள்ளம், கல், மண் என்று நாள் முழுக்க ஓடும் ராலி. முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், கனமான உடம்பு. அடி வாங்கிக்கொண்டே ஓடும். உடைந்தாலும் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் பாகம் கிடைக்கும்.

உடைந்தால் யார் காசு?

இங்கேதான் வரலாற்றின் நிஜமான கேள்வி இருக்கிறது. அன்று பந்தயத்துக்குப் போன பல கார்கள் திங்கட்கிழமை ஆபீசுக்கும் போயாக வேண்டிய கார்கள். ஃபியட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கைக்கு வந்த காரைப் புது விலையை விட அதிகத்துக்கு விற்க முடிந்தது. அப்படிப்பட்ட காரைப் பந்தயத்தில் நொறுக்கினால்? பணம் இருந்தாலும் அடுத்த கார் உடனே வராது!

காமர்ஸ் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் இழக்கும் மற்றொன்றின் மதிப்பு. ஃபியட்டை ஓட்டியவரின் வாய்ப்புச் செலவு, அதைச் செய்ய ஆன செலவு அல்ல. பல வருடக் காத்திருப்பு. அம்பாசிடர் மெதுவான காராக இருந்தும் பலர் அதைத் தடத்துக்குக் கொண்டுபோனதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை. வேகமான கார் எது என்று எல்லோருக்கும் தெரியும். இழக்கத் தாங்கும் கார் எது என்பது அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

796 சிசி வந்து கலைத்த ஆட்டம்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. அம்பாசிடரில் ஏறிப் பழகியவர்கள் இதைத் தீப்பெட்டி என்றார்கள். ஆனால் அதே கணக்கைப் போடுங்கள். சுமார் 39 குதிரைசக்தி, சுமார் 650 கிலோ. ஒரு குதிரைக்கு 17 கிலோவுக்கும் குறைவு! பல வருடமாக நடந்த அம்பாசிடர்-ஃபியட் வாதத்தை, இரண்டையும் விடச் சின்ன எஞ்சின் முடித்து வைத்தது.

கோயம்புத்தூர் மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் இன்னும் ஒரு படி மேலே போனார். மாருதி 800 எஞ்சினையே வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். 1980-களின் கடைசியில் பார்முலா மாருதி வந்தது. எல்லோருக்கும் ஒரே கார் என்பதால், எந்தக் கார் என்ற கேள்வியே அங்கு இல்லை. ஓட்டுபவன் யார் என்பது மட்டும்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். சோழவரத்தின் காலம் முடிந்தது. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். பார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் வரை போனார்.

தாராளமயம் வந்த பிறகு கேள்வி புதுப் பெயர்களோடு திரும்பி வந்தது. 1993-ல் மாருதி ஜென், 993 சிசி. 1994-ல் எஸ்டீம், 1298 சிசி. இலகுவான சின்னதா, சக்தி கூடிய பெரியதா? அதே பழைய வாதம், அதே பழைய கணக்கு. இன்று செகண்ட் ஹேண்டில் இரண்டில் ஒன்றை எடுத்து டிராக் டேக்குத் தயார் செய்பவர் கேட்பதும் இதைத்தான்.

மிச்சம் என்ன?

ஸ்டாண்டர்டு மோட்டார் 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற விலையுயர்ந்த காரைக் கொண்டுவந்து, தோற்று, மூடப்பட்டது. பத்மினி உற்பத்தி 2000-த்தை ஒட்டி நின்றது. அம்பாசிடர் 2014 மே மாதத்தில். அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ வாங்கியது.

இந்தக் கார்களில் பிரேக் போதாது, எடை அதிகம், கியர் தப்பான இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் சோழவரத்தில் ஓட்டியவர்களுக்குப் பத்தே சுற்றில் தெரிந்துவிட்டது. சந்தையில் அது வெளியே வரப் பல வருடம் ஆனது. காரணம், வாங்குபவனுக்கு வேறு வழி இல்லை. போட்டி இல்லாத இடத்தில் குறை தெரிந்தாலும் தண்டனை கிடையாது. பந்தயத் தடத்தில் அன்றைக்கே கிடைத்துவிடும்.

கல்வெட்டு சொன்னதும் ஏறக்குறைய அதுதானே? கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. இரண்டு பழைய கார்களுக்கு நடுவில் குழம்பி நிற்பவர் குடவோலை போட வேண்டாம். எடை எவ்வளவு, பிரேக் எத்தனை சுற்றுத் தாங்கும், உடைந்தால் பாகம் எங்கே கிடைக்கும், திங்கட்கிழமை எதில் வேலைக்குப் போவது... இந்த நாலு தகுதியையும் எழுதிப் பார்த்தால், குடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஓலைதான் மிஞ்சும்.