முத்துக் குளிப்போரும் இருதயச் சோதனையும்

கற்பிட்டிக் குடாநாட்டில், புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே அமைந்த ஊர் எத்தாளை. அக்கரையிலிருந்து வடக்கே கடல்வழி செல்வோருக்குக் குதிரைமலை முனையும், அதற்கப்பால் மன்னார்க் குடாவின் முத்துப் பார்களும் எதிர்ப்படும். பண்டுதொட்டு முத்துச் சலாபம் நடந்த கடல் அது. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ் சலாபத்தில் தமிழரும் சோனகரும் அராபியரும் குளித்தனர்.

தொழிலின் முறை எளிது, ஆபத்தோ பெரிது. கனத்த கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்குவர். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை வாரிக் கயிற்றை அசைப்பர். தோணியில் நிற்பவன் இழுத்துக்கொள்வான். கீழுள்ளவனின் நிலையை அறிய அவனுக்கிருந்த கருவி அக்கயிறு ஒன்றே. நீரடியில் அம்மனிதனின் இருதயம் படும் பாட்டை அது சொல்லாது.

உடலைக் கீறாமல் இருதயத்தின் தொழிலை அறியும் வழி அதற்குள் மேனாட்டில் திறந்திருந்தது. 1887இல் இலண்டனில் ஒகஸ்டஸ் வாலர் என்பார், மனித இருதயத்தின் மின்னசைவை உடலின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்தார். ஒல்லாந்தரான வில்லெம் ஐந்தோவன் அதனை நுட்பமான கருவியாக்கினார். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். மின்னசைவைக் கடத்தியது அவ்வுப்புநீரே. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஒரு குறை நின்றது. முடியுரு நாடி ஓரளவு சுருங்கியிருப்பினும், அமைதியாகப் படுத்திருப்பவனின் இருதயத்துக்கு வேண்டிய இரத்தம் கிடைத்துவிடும். வரைகோடும் நலமென்றே காட்டும். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். ஆதலின் 1929இல் மாஸ்டர், ஒப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், இரண்டே படிகளை மீண்டும் மீண்டும் ஏறியிறங்கச் செய்து, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். மின்வரைவு பின்னரே அதனுடன் சேர்ந்தது. 1963இல் றொபேட் புரூஸ், நகரும் பட்டையின் வேகத்தையும் சரிவையும் மூன்று நிமிடத்துக்கொரு தடவை கூட்டும் முறையை வெளியிட்டார். இன்றும் மருத்துவமனைகளில் வழங்குவது பெரும்பாலும் அம்முறையே.

இச்சோதனைகளிலெல்லாம் உழைப்பு மிகமிகத் துடிப்பும் மிகும். கடலடியிலோ கதை வேறு. அவுஸ்திரேலியாவின் வடக்கே, தொரெஸ் நீரிணையில் முத்துச்சிப்பி எடுப்போரின் இருதயத்தை மின்வரைவால் ஆராய்ந்த ஷோலாண்டர் குழுவினர், 1962இல் முடிவை வெளியிட்டனர். மூழ்கி இருபது முப்பது விநாடிக்குள் துடிப்பு குறைந்தது. நீருக்குள் உழைத்தபோதும் குறைந்தது. துடிப்பின் ஒழுங்கும் பலருக்குத் தவறியது. தசைகளுக்குச் செல்லும் இரத்தத்தை ஒடுக்கி, மூளைக்கும் இருதயத்துக்கும் பிராணவாயுவைச் சேமித்துவைக்கும் உடலின் ஏற்பாடு அது. மன்னார்க் கடலில் குளித்தோரின் உடலும் இவ்வண்ணமே நடந்துகொண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. அதை அளப்பார்தாம் இருக்கவில்லை.

மின்வரைவு துடிப்பைக் காட்டுமேயன்றி, இருதயச் சுவரின் அசைவைக் காட்டாது. அக்குறையைப் போக்கியது ஒலியலை. 1953இல் சுவீடனில் எட்லரும் ஹேர்ட்ஸும், கப்பற் பட்டறையில் உலோகத்தின் பழுதைக் காண வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி, இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். கப்பலுக்கென அமைந்த கருவி மனிதனுக்கு உதவியது! 1970களின் இறுதியில் இம்முறை உழைப்புச் சோதனையுடனும் இணைந்தது. பட்டையில் நடந்து களைத்தவர் இறங்கியதும் இடப்புறமாகச் சாய்ந்து படுக்க, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் படமெடுத்து முடிப்பர். தாமதித்தால் இருதயம் இளைப்பாறிவிடும், பற்றாக்குறையும் மறைந்துவிடும்.