இரண்டு புல்லட், ஒரே தட்டல்

புல்லட் இன்ஜினில் ‘டக் டக்’ என்று தட்டல் கேட்டால், அருப்புக்கோட்டையிலும் சரி, திருச்சுழியிலும் சரி, முதலில் வாயில் வரும் சொல் டேப்பெட். ஆனால் வந்து நிற்பது பழைய வார்ப்பிரும்பு புல்லட்டா, 2009-க்குப் பிறகு வந்த யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜினா என்று பார்க்காமல் ஸ்பானரை எடுக்கக் கூடாது. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதைக் கெடுத்துவிடும்.

இரண்டும் சென்னையில் தயாரானவை. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. இதில் அண்ணன் தம்பிக்குள் துளி வேறுபாடு கிடையாது. இரண்டிலும் கேம் கீழே இருக்கிறது. புஷ்ராட் மேலேறி ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. வேறுபடுகிற இடம் கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவில். பழையதில் அங்கே இருப்பது வெறும் இரும்பு. புதியதில் எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் லிஃப்டர். தன் எல்லைக்குள் விழும் இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே நிரப்பிக்கொள்ளும். மனிதன் கைவைக்க அங்கே திருகு எதுவும் இல்லை.

பழைய புல்லட்டில் டேப்பெட் வைப்பது, அதாவது அந்த இடைவெளியைச் சரிசெய்வது, கைவிரல் வேலை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்க மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவைப்படாது. சூடேறியபின் கொஞ்சம் தட்டத்தான் செய்யும்; அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. சத்தமே கூடாது என்று இறுக்கினால் வால்வு இருக்கையில் முழுதாக அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே அந்த இருக்கையில்தான். அமராத வால்வு கருகும், கம்ப்ரஷன் போகும். ஆகவே பழைய இன்ஜினில் நான் அஞ்சுவது மௌனத்துக்கு.

புதியதில் நிலைமை தலைகீழ். காலையில் உதைத்ததும் சில நொடி தட்டி அடங்கினால் கவலை வேண்டாம். இரவெல்லாம் நின்றதில் லிஃப்டரிலிருந்து கசிந்த எண்ணெய் திரும்ப ஏறுகிறது, அவ்வளவுதான். சூடேறியும் அடங்காத தட்டலுக்குத்தான் பயப்பட வேண்டும். எண்ணெய் குறைந்திருக்கலாம், நீர்த்துப் போயிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், லிஃப்டருக்குள் தூசி சிக்கியிருக்கலாம். பழைய வண்டியில் கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய். யூ.சி.இ.-யில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிளட்ச் தட்டு தேய்ந்த தூளும் அதே எண்ணெயில்தான் சுற்றுகிறது. கம்பெனி சொல்லும் 15டபிள்யூ-50-ஐ விட்டுவிட்டு, கையில் கிடைத்ததை ஊற்றி, மாற்றும் நாளையும் தள்ளிப்போட்டால் லிஃப்டர் தட்டித்தான் முறையிடும்.

இதுவரை சொன்னது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு. ‘ஆல்டர்’ செய்த வண்டியில் இரண்டு கணக்குமே மாறுகிறது. பழைய புல்லட்டில் வார்ப்பிரும்பு பேரலை எடுத்துவிட்டு அலுமினியப் பேரல் மாட்டுவதை எடுத்துக்கொள்வோம். 100 மி.மீ. நீளத் துண்டு 100 டிகிரி சூடேறினால் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 0.11 மி.மீ. நீளும், அலுமினியம் 0.23 மி.மீ. நீளும். பேரல் வளர்ந்த அளவுக்கு உள்ளே இருக்கும் புஷ்ராட் வளர்வதில்லை. அதிலும் எஃகுப் புஷ்ராட் போட்டிருந்தால் இடைவெளி இன்னும் விரியும். குளிரில் சரியாக வைத்த டேப்பெட் வெயிலில் ஓடி வந்தபின் உரக்கத் தட்டுவது இதனால்தான். அங்கே பழுது எதுவும் இல்லை.

புதியதில் கேமைச் சீவி லிஃப்டைக் கூட்டுகிறார்கள். சீவியதில் கேமின் அடிவட்டம் சிறுக்கிறது. லிஃப்டர் நீண்டு நீண்டு தன் எல்லையைத் தாண்டியபின் தட்டத் தொடங்கும். தடிமனான கேஸ்கெட் போட்டாலும் இதே கதி. ஹெட்டையோ பேரலையோ சீவிக் கம்ப்ரஷன் ஏற்றினாலோ எதிர்ப்பக்கம் போகிறது: புஷ்ராட் நீளமாகிப்போய் லிஃப்டர் அடிவரை அழுந்தி, வால்வு மூடாமல் நிற்கும். அங்கே சத்தமே வராது, வண்டியும் இழுக்காது. பழைய இன்ஜினில் இந்த வேறுபாட்டையெல்லாம் ஒரு திருகில் வாங்கிக்கொள்ளலாம். புதியதில் புஷ்ராடின் நீளத்தை அளந்தே தீர வேண்டும். கிணற்றுமேட்டு டீசல் இன்ஜினில் கை பழகியவர்கள் யூ.சி.இ.-யிலும் திருகைத் தேடுவது இயல்பு. இல்லாத திருகுக்குப் பதிலாக அட்ஜஸ்டபிள் புஷ்ராட் போட்டு இறுக்கிவிடுவதுதான் ஆபத்து.

டேப்பெட் என்று தப்பாகப் பிடிபடுகிற சத்தங்களும் உண்டு. ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் மாட்டும்போது ஹெட்டில் பைப் சரியாக உட்காராவிட்டால், கசியும் புகை டேப்பெட் மாதிரியே தட்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் கூடும். குளிரில் உரத்துச் சூட்டில் குறைவது பிஸ்டன் ஆட்டம். ஐடிலை ரொம்ப இறக்கிவைத்த யூ.சி.இ.-யில் கேமோடு சேர்ந்த டீகம்ப்ரஷர் தட்டும். ஐடிலைச் சற்று ஏற்றினாலே அடங்கும். லிஃப்டரை வாங்கி மாற்றுவதற்கு முன் செலவில்லாத இந்தச் சோதனைகளை முடித்துவிடலாம்.

இந்தக் கரிசல் காட்டில் எனக்கு அதிகம் உறுத்துவது ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர் வாயில் சொருகும் மலிவான கூம்பு ஃபில்டர். மாவுபோன்ற புழுதியை அது தடுக்காது. உள்ளே போன மண் ரிங்கைத் தேய்த்து எண்ணெயில் கலக்கும். வார்ப்பிரும்பு புல்லட் அந்த எண்ணெயோடும் தட்டிக்கொண்டே பல காலம் ஓடும். தேய்ந்ததைத் திருகில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் யூ.சி.இ. லிஃப்டரின் உள்ளிருக்கும் குட்டி வால்வைக் கெடுக்க ஒரு மண்துகள் போதும். ஆகவே தட்டலோடு வரும் யூ.சி.இ.-யில் முதல் வேலை பழைய ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டுவது. அடுத்தது எண்ணெயை வடித்து, வெயிலில் விரலால் தேய்த்துப் பார்ப்பது. நறநறவென்றிருந்தால் புது எண்ணெயும் புது ஃபில்டரும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே டேப்பெட் பேச்சை எடுக்கலாம்.