பழைய கணக்கில் 47 பவுண்டு

ஒரு பொருளுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டீர்கள். பொருள் இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைப்பட்ட நாட்களில் நீங்கள் யார்? 'கஸ்டமர்' என்பீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கடைக்காரருக்குக் கைமாற்று கொடுத்தவர் நீங்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஈடாக ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது. கடை ஓடுகிறவரை இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஷட்டர் இறங்குகிற அன்றைக்குத்தான் உறைக்கும்.

இங்கிலாந்துக்காரர்களுக்குப் பலமுறை உறைத்திருக்கிறது. இன்டர்நெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே தபாலில் ஆர்டரும் பணமும் வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பும் கம்பெனிகள் அங்கே ஏராளம். கேஃபோர்ட் லிமிடெட் என்பது அதில் ஒன்று. 1972-ல் அதற்குச் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்த பெரிய சப்ளையர் நொடித்துப் போகும் நிலைக்கு வந்தார். சரக்கு வராது. ஆனால் தபாலில் பணம் மட்டும் தினமும் வந்துகொண்டே இருக்கிறது!

என்ன செய்யலாம்? நவம்பர் கடைசியில் ஆடிட்டர்களைக் கேட்டார்கள். அவர்கள் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. 'இனிமேல் வருகிற கஸ்டமர் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். அது டிரஸ்ட் கணக்கு என்று பெயர் வையுங்கள். பொருளை அனுப்பினால் எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்ப முடியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.'

கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆனால், புதுக் கணக்கு திறக்கவில்லை. கம்பெனி பெயரிலேயே பல நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய டெபாசிட் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஏற்கெனவே 47 பவுண்டு 80 பென்ஸ் கிடந்தது. அதன் தலையிலேயே கஸ்டமர் பணத்தையும் போட்டார்கள். டிசம்பரில் கம்பெனியை மூட வேண்டியதாகிவிட்டது.

இப்போது கோர்ட்டில் கேள்வி. கணக்கில் இருக்கும் பணம் யாருக்குச் சொந்தம்? கம்பெனியுடையது என்றால் எல்லாக் கடன்காரர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கஸ்டமருக்குக் கிடைப்பது ஏதோ பைசாதான். நீதிபதி மெகாரி, கஸ்டமர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். டிரஸ்ட் என்ற பெயர் முக்கியமில்லை, இது உங்கள் பணம் என்று பிரித்துவைக்கும் நோக்கம் தெளிவாக இருந்ததா என்பதே முக்கியம். பழைய 47 பவுண்டு கலந்துவிட்டதாலேயே அந்த நோக்கம் கெட்டுப்போகாது. பணம் அனுப்பியவர்களுக்கே திரும்பப் போனது.

அருமையான தீர்ப்புதான். ஆனால் கவனியுங்கள், அது கம்பெனியின் நல்ல மனதை நம்பி நிற்கிறது. தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கம்பெனிக்கு அந்த மனசு இல்லையென்றால்?

அதற்கு 1974-ல் பாதி விடை வந்தது. நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருளின் விலை இந்த அளவுக்குள் இருந்தால் (இப்போதைய கணக்கில் 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை) கடைக்காரர் கைவிட்டாலும் கார்டு கொடுத்த நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது. அங்கே 'சார்ஜ்பேக்' உண்டு. அது சட்டமல்ல, விசாவும் மாஸ்டர்கார்டும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி.

சரி, கார்டே இல்லாதவர்கள்?

ஃபேர்பேக் கதைக்கு வருவோம். நம் ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரிதான். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் கிறிஸ்துமஸுக்குத் தின்பண்டக் கூடையோ, பரிசுக் கூப்பனோ வரும். கட்டியவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக் குடும்பத்தினர். வசூலித்த ஏஜென்ட்டுகள் பலரும் பக்கத்து வீட்டுக்காரிகள், உறவுக்காரிகள். 2006 அக்டோபர் 13-ம் தேதி, கிறிஸ்துமஸுக்குப் பத்து வாரம் இருக்கும்போது, கம்பெனி அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போய்விட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கட்டிய சுமார் 3 கோடியே 70 லட்சம் பவுண்டு போயே போய்விட்டது.

இங்கேயும் கடைசி நேரத்தில் டிரஸ்ட் பத்திரம் ஒன்று எழுதினார்கள். அதில் பேங்க் கணக்கைத் தவறாகக் குறிப்பிட்டுத் தொலைத்தார்கள்! சரியாகவே எழுதியிருந்தாலும் கடைசிச் சில நாள் பணம்தான் காப்பாற்றப்பட்டிருக்கும். மற்றதெல்லாம் முன்பே கரைந்திருந்தது. ஆறு வருடம் கழித்து, 2012-ல், கம்பெனிக்குக் கடன் கொடுத்த பேங்க் நடந்துகொண்ட விதத்தை ஒரு நீதிபதி வெளிப்படையாக விமர்சித்த பிறகு, அந்த பேங்கை அதற்குள் வாங்கியிருந்த லாய்ட்ஸ் 80 லட்சம் பவுண்டு கொடுத்தது. எல்லாம் சேர்ந்து, கட்டியதில் ஏறக்குறைய பாதி திரும்பியது.

பி.காம். படித்தபோது பேலன்ஸ் ஷீட்டில் 'சன்ட்ரி கிரெடிட்டர்ஸ்' என்று ஒரு வரி எழுதுவோம். சில்லறைக் கடன்காரர்கள். அந்த ஒற்றை வரிக்குள் எத்தனை வீட்டுக் கிறிஸ்துமஸ் அடங்கியிருக்கிறது, பாருங்கள்.

2016-ல் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் ஒரு சிபாரிசு செய்தது. கம்பெனி மூழ்குவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் 250 பவுண்டோ அதற்கு மேலோ முன்பணம் கட்டி, கார்டு மூலம் திரும்பப் பெற வழியில்லாதவர்களை வரிசையில் சற்று முன்னால் நிறுத்துங்கள் என்றது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஆனால் 2020 டிசம்பர் 1 முதல் வரிசையில் வேறொருவர் முன்னால் ஏறினார். வரி வசூலிக்கும் துறை! மக்கள் நம்பிக் கட்டிய வாட் வரியும், ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் கம்பெனி கையில் தற்காலிகமாகத்தானே இருக்கிறது, அது எங்களுக்கு வரவேண்டியது என்பது வாதம். நியாயமான வாதம்தான். அதே நியாயத்தை சோஃபாவுக்குப் பணம் கட்டியவரும் சொல்லலாம், இல்லையா?

சொல்ல வேண்டிய நேரமும் சீக்கிரமே வந்தது. மேட் டாட் காம், இன்டர்நெட்டில் நாற்காலி, சோஃபா விற்ற கம்பெனி. 2021 ஜூனில் லண்டன் பங்குச்சந்தையில் நுழைந்தபோது மதிப்பு 77 கோடியே 50 லட்சம் பவுண்டு. 2022 நவம்பரில் அட்மினிஸ்ட்ரேஷன். நெக்ஸ்ட் நிறுவனம் பெயரையும் வெப்சைட்டையும் 34 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. பணம் கட்டிக் காத்திருந்தவர்களின் ஆர்டர்கள் அந்தப் பேரத்தில் சேரவில்லை. கார்டில் கட்டியவர்கள் கார்டு கம்பெனிக்கு எழுதினார்கள். பேங்க் மூலம் நேராக அனுப்பியவர்கள், பேங்குக்கும் ஊழியருக்கும் வரித்துறைக்கும் பின்னால், வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.