புகையிலை: வரியும் வாழ்வும்

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் தூதுக்குத் தனியிடம் உண்டு. அன்னமும் கிளியும் முகிலும் தூது சென்ற மரபிலே புகையிலையையும் தூது விடுத்தவர் சீனிச்சர்க்கரைப் புலவர். பழநி முருகனைத் தலைவனாகக் கொண்ட அவருடைய ‘புகையிலை விடு தூது’ என்னும் நூலை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டிற்கு வந்த ஒரு செடி, தமிழ்ப் புலவரிடம் நான்முகனோடு தொடர்புடைய புராணப் பெருமையையும் பெற்றுவிட்டது. நம்முடைய ‘சுருட்டு’ என்னும் சொல்லோ ஆங்கிலத்தில் புகுந்து ‘செரூட்’ ஆயிற்று. இவ்வாறு இலக்கியத்திலும் மொழியிலும் இடம்பெற்ற புகையிலை, நாட்டின் கருவூலத்திற்கு என்ன தந்தது, ஏழையரின் உடலிலிருந்து என்ன பெற்றது என்பதை அறியச் சட்டங்களின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தடையும் வரியும்

பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொணர்ந்தவர் அசத் பேக். அரசவை மருத்துவர் அன்றே அதனை ஏற்கத் தயங்கினார். ஜஹாங்கீர் 1617இல் தடை விதித்தார், தடை நிலைக்கவில்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் புகையிலையைக் கண்டித்து நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அதன் இறக்குமதி வரியைப் பன்மடங்கு உயர்த்தினார். கண்டனமும் வருவாயும் ஓரிடத்தே குடியிருக்கும் நிலை அன்றே தோன்றிவிட்டது எனலாம்.

இந்தியாவில் 1943இல், உலகப் போரின் நடுவே, புகையிலைக்கு மத்திய ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அமைந்த அரசு அவ்வருவாயை மரபுரிமையாகப் பெற்றது. புகைப்பழக்கம் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரது அறிக்கை 1964இல் உறுதிப்படுத்தியது. அதன் பின்னர் வளரும் நாடுகளின் அரசுகளுக்கு அறியாமை என்ற அடைக்கலம் இல்லாது போயிற்று.

ஆயினும் 1975ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரு சட்டங்களை அருகருகே வைத்துக் காண வேண்டும். ஒன்று, சிகரெட்டுப் பெட்டிகளின்மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிட ஆணையிட்டது. மற்றொன்று, வர்ஜீனியாப் புகையிலையின் சாகுபடியையும் ஏற்றுமதியையும் பேணுவதற்குப் புகையிலை வாரியத்தை அமைத்தது. அதன் தலைமையகம் குண்டூர். ஒரே அரசு ஒரு கையால் எச்சரித்து மறு கையால் வளர்த்தது. அந்த எச்சரிக்கையும் சிகரெட்டுக்கு மட்டுமே உரியதாயிற்று; ஏழைகள் மிகுதியாகப் புகைத்த பீடி அதற்குள் அடங்கவில்லை.

சுளகின் முன் அமர்ந்த பெண்

பீடிக்குத் தரப்பட்ட சலுகைகளுக்குக் கூறப்பட்ட காரணம் தொழிலாளர் நலன். நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இத்தொழிலில் உள்ளனர் என்பது அரசின் கணக்கு. அவருள் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சுற்றும் பெண்கள். நெல்லை, தென்காசி மாவட்டங்களின் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் ஆகிய ஊர்களில் பல குடும்பங்களின் அடுப்பு இத்தொழிலால் எரிகிறது. மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூலால் கட்டுவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. இலை குறைந்தால் கைப்பணத்தில் வாங்க வேண்டும். தரமில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி இல்லை. இருமலும் தலைச்சுற்றலும் கூலிக்கணக்கில் ஏறுவதில்லை.

இவர்களுக்காக 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. முதலாளிகள் வழக்காடினர், உச்சநீதிமன்றம் 1974இல் சட்டத்தை நிலைநிறுத்தியது. வீட்டிலிருந்து சுற்றுவோரும் வருங்கால வைப்புநிதிக்கு உரியவரே என 1985இல் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குக் குறைவாகச் செய்யும் சிறு நிறுவனங்களுக்குத் தீர்வை விலக்கு இருந்தது. அதனைப் பெறும் பொருட்டுப் பெருநிறுவனங்கள் சிறுசிறு பெயர்களில் பிரிந்தன. பெண்களின் பெயரால் பெற்ற சலுகை பெண்களிடம் சேரவில்லை.

கட்டுப்பாட்டின் காலம்

2003இல் சிகரெட்டு மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை ஏற்கப்பட்டு, 2005இல் நடைமுறைக்கு வந்தது. புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து அரசின் கொள்கையைக் காத்தல் வேண்டும் என்பதும், உழவர்க்கும் தொழிலாளர்க்கும் மாற்றுத் தொழில் அமைத்தல் வேண்டும் என்பதும் அதன் கூறுகள். முதற்கூறு எத்துணை அரிது என்பதை 2015ஆம் ஆண்டு காட்டியது. பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இடும் ஆணையைத் தள்ளிவைக்குமாறு நாடாளுமன்றக் குழு ஒன்று கூறிற்று. அக்குழுவின் உறுப்பினர் ஒருவர் பீடித்தொழில் அதிபர். ஆணை ஓராண்டு தாழ்ந்து, 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடும் பீடிக்கு 18 விழுக்காடும் வரியென முடிவு செய்தது. முன்பு இரண்டுக்கும் 28 விழுக்காடே அடிப்படை வரி. இப்போது ஒன்று ஏற, மற்றொன்று இறங்கியது.

பயன் இல்லாமலும் போகவில்லை. 2009-10இல் வயதுவந்தோருள் 34.6 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்தினர். 2016-17இல் அது 28.6 ஆகக் குறைந்தது. நோயின் சுமை குறைய இது நல்வழியே. ஆனால் விற்பனை குறையக் குறைய, சுற்றுவோரின் வேலைநாள்களும் குறைகின்றன.

கண்ணூர் காட்டிய வழி

1966ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரளம் செயற்படுத்தியபோது பெரிய நிறுவனங்கள் கதவடைத்தன. வேலையிழந்த தொழிலாளர் 1969இல் கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்தனர். கண்ணூரின் பீடிக் கூடங்களில் ஒருவர் நாளிதழும் இலக்கியமும் உரக்கப் படிப்பார். ஏனையோர் கேட்டுக்கொண்டே சுற்றுவர். படிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர் சுற்றித் தருவர். புத்தக வாசிப்புக்கு உழைப்பால் விலை கொடுத்த அம்மக்களை இலக்கிய அன்பர்கள் மறத்தலாகாது. பீடிக்கு வருங்காலம் இல்லை என்பதை உணர்ந்த அக்கூட்டுறவு, 1990களின் பிற்பகுதியிலிருந்து உணவுப்பொருள், குடை, ஆடை எனப் பிற தொழில்களில் இறங்கியது. மாற்றுத் தொழில் என்பது உடன்படிக்கையின் ஏட்டில் எழுதப்படுவதற்கு முன்பே தொழிலாளரால் தொடங்கப்பட்ட செயல் அது. எனினும் எல்லா ஊர்களிலும் அத்தகைய அமைப்பு எழவில்லை.

புகையிலை வரியின் ஒரு பங்கேனும் அதனைச் சுற்றும் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கு உறுதியாகச் சென்றால், அவர்களைக் காட்டி வரியைக் குறைக்க வாதிடும் வாய் அடைபடும். அன்று புலவர் ஒருவர் புகையிலையைத் தூது விடுத்தார். இன்று சுளகின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணும் அரசுக்கு ஒரு தூது விடுக்கக் காத்திருக்கிறாள். தொழிலைக் குறைக்கும் முன் தன் கைக்கு வேறு வேலை தர வேண்டும் என்பதே அவள் செய்தி.