ஜவ்வு தேய்ந்த வரலாறு

எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம எல்லாரும் முதலில் தேடுவது கடைசியில் இருக்கும் 'இம்ப்ரெஷன்' பகுதியைத்தான். அங்கே 'எல்4-எல்5 டிஸ்க் டீஜெனரேஷன்' என்று இருந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. நானும் அப்படித்தான் ஒரு ராத்திரி தேட உட்கார்ந்தேன். வைத்தியம் தேடப் போய் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

1932-ல் பாஸ்டனில், பனிச்சறுக்கில் அடிபட்டு கால்வலியோடு வந்த ஓர் இளைஞரை எலும்பு மருத்துவர் ஜோசப் பார், நரம்பு அறுவை நிபுணர் வில்லியம் மிக்ஸ்டரிடம் அனுப்பினார். முதுகைத் திறந்து, நரம்பை அழுத்திக்கொண்டிருந்த ஒரு துண்டை எடுத்தார்கள். குருத்தெலும்புக் கட்டி என்று முடிவாயிற்று. பாருக்கு மட்டும் உறுத்தல். அது கட்டி மாதிரி இல்லையே, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கின் துண்டு மாதிரி இருக்கிறதே! பழைய 'கட்டி' மாதிரிகளை எல்லாம் எடுத்து மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பெரும்பாலானவை டிஸ்க்தான். 1934-ல் 19 நோயாளிகளைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை மருத்துவத்தையே திருப்பிப் போட்டது.

அருமையான துப்பறிதல். ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது: பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்தினால் கால்வலி வரும் என்பது, முதுகுவலி என்றாலே டிஸ்க்தான் குற்றவாளி என்பதாக மெல்ல வளர்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல.

எம்.ஆர்.ஐ வந்ததும் இது இன்னும் மோசமாயிற்று, தேய்மானம் கண்ணுக்கே தெரிகிறதே. 1994-ல் ஒரு குழு செய்ய வேண்டிய காரியத்தைச் செய்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் வெறும் 36 சதவீதம். 2015-ல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி இல்லாதவர்களிலேயே டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். நரைக்கு யாரும் 'முடி நோய்' என்று பேர் வைப்பதில்லை.

(எங்க தொழில்காரங்களுக்கு: ஓடிக்கொண்டிருக்கிற சர்வரின் லாகைத் திறந்தால் ஆயிரம் வார்னிங் இருக்கும். அதில் எது கிராஷுக்குக் காரணம் என்பது வேற கேள்வி.)

உட்கார்ந்தே வேலை பார்த்ததால்தான் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஃபின்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், டிஸ்க் தேய்மானத்துக்கு வேலையைவிட பரம்பரையே பெரிய காரணமாக இருந்தது. அப்பாவைத் திட்டலாம்.

சிகிச்சையின் கதையும் இதே மாதிரிதான். முன்பெல்லாம் வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு. 1986-ல் டெக்ஸாஸில் ஒப்பிட்டபோது, 7 நாள் படுக்கச் சொன்னவர்களைவிட 2 நாள் படுக்கச் சொன்னவர்கள் 45 சதவீதம் குறைவான நாட்களே வேலைக்கு மட்டம் போட்டார்கள். குணமாவதில் வித்தியாசம் இல்லை. அறுவை சிகிச்சைக்கு வந்தால், நார்வேயில் ஹென்ரிக் வெபர் 1983-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியம். டிஸ்க் பிதுங்கி கால்வலி இருந்து, அறுவை அவசியமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத 126 பேர். முதல் வருஷம் அறுவை செய்துகொண்டவர்கள் தெளிவாக முன்னிலை. 4 வருஷத்தில் அந்த இடைவெளி சுருங்கியது, 10 வருஷத்தில் காணோம். சீக்கிரம் வலி குறையணும் என்றால் அறுவைக்கு அர்த்தம் உண்டு. காத்திருப்பதும் முட்டாள்தனம் இல்லை. கவனிக்கவும், இது நரம்பு அழுத்தப்பட்டவர்களின் கணக்கு. வெறும் தேய்மானத்துக்கு இதைக் காட்டி ஆபரேஷனுக்கு அவசரப்பட முடியாது.

அதனால் டாக்டரிடம் நான் எடுத்துப்போன கேள்வி ஒன்றுதான்: "படத்தில் தெரியுற இடமும் என் வலியும் பொருந்துதா சார்?" பொருந்தவில்லை. நடக்கச் சொன்னார், முதுகுத் தசைக்குப் பயிற்சி கொடுத்தார். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ மட்டும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொன்னார்.