அகஸ்டினும் ஜெரோமும்: ஒரு கடிதச் சண்டையின் கதை

கூட இருக்கும் ஒரு விசுவாசியின் தவறை அவர் மனம் நோகாமல் சொல்ல முடியுமா? சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு பெரிய கிறிஸ்தவ அறிஞர்கள் இதில் சிக்கிக்கொண்டார்கள். ஒருவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் (இன்றைய அல்ஜீரியாவின் அன்னபா) இருந்த அகஸ்டின். மற்றவர், பெத்லகேம் மடத்தில் இருந்துகொண்டு வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம். இருவரும் கடைசிவரை நேரில் சந்தித்ததே இல்லை.

பிரச்சினை ஒரு வேதபகுதியில் தொடங்கியது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்ட பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியர் நிருபம் சொல்லும் செய்தி இது. ஜெரோமோ, இது உண்மையான கண்டிப்பல்ல, சபையின் நன்மைக்காக இரு அப்போஸ்தலரும் நடத்திய நாடகம் என்று தன் உரையில் விளக்கினார். அகஸ்டினால் இதை ஏற்க முடியவில்லை. வேதத்தில் ஓரிடத்தில் நல்லெண்ணப் பொய் உண்டு என்றால் மற்ற இடங்களை எப்படி நம்புவது என்று கேட்டார்.

394-95 வாக்கில் அவர் எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை. கொண்டுபோக வேண்டியவர் பிஷப் ஆகிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, கருத்தைத் திருத்திக்கொள்ளும்படி இன்னும் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அதுவும் பெத்லகேம் போகாமல் இத்தாலியில் பிரதி பிரதியாகச் சுற்றியது. ஊரெல்லாம் படித்த பிறகு, கையெழுத்தில்லாத ஒரு பிரதி ஜெரோமுக்குக் கிடைத்தது. இயல்பிலேயே கோபக்காரர் அவர். இளையவர் ஒருவர் தன்னைத் தாக்கிப் பேர் வாங்கப் பார்க்கிறார் என்றே நினைத்தார்.

அகஸ்டின் பதிலுக்குக் கோபப்படவில்லை. காயப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். தன்னிடம் தவறிருந்தால் திருத்தும்படி வேண்டினார். ஜெரோமும் அவருடைய பழைய நண்பர் ரூஃபினஸும் பகைவர்களாகிப் போனது அவரை உலுக்கியிருந்தது. இருவரையும் ஓரிடத்தில் கண்டால் காலில் விழுந்து அழுவேன் என்று எழுதினார். 405 வாக்கில் எழுதிய நீண்ட கடிதத்தில், பதவியில் பிஷப் பெரியவர்தான், ஆனாலும் பல விதங்களில் அகஸ்டின் ஜெரோமைவிடச் சிறியவனே என்றார். வாதத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜெரோம் தோல்வியை அறிவிக்கவில்லை. ஆனால் 415 வாக்கில் பெலாஜியருக்கு எதிராக எழுதிய நூலில், பேதுருவே கண்டிக்கத்தக்கவராக இருந்தார் என்பதை நேர்ப் பொருளிலேயே எடுத்தாண்டார். அதே சமயத்தில் அகஸ்டின், ஆன்மாவின் தோற்றம் பற்றிய தன் சந்தேகங்களை மாணவனைப் போல அவருக்கு எழுதி அனுப்பினார்.

அகஸ்டினும் திருந்த வேண்டியிருந்தது. எபிரெயத்திலிருந்து ஜெரோம் செய்த புது மொழிபெயர்ப்பு சபைகளில் குழப்பம் உண்டாக்கும் என்று அவர் எதிர்த்திருந்தார். 426 வாக்கில் வேத விளக்கம் பற்றிய தன் நூலை முடித்தபோது, ஆமோஸ் தீர்க்கதரிசியின் வசனங்களை ஜெரோமின் அந்த மொழிபெயர்ப்பிலிருந்தே, அவர் பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டினார். அப்போது ஜெரோம் உயிரோடு இல்லை.

திருத்த வந்தவரும் திருந்தினார். மன்னிப்புக் கேட்ட அந்தக் கடிதம் எழுதப்படாமல் போயிருந்தால், ரூஃபினஸின் கதையே இங்கும் நடந்திருக்கும்.